பிலோமினாவின் வெண்ணெய் ரொட்டியும் என் ஏகாதசியும்

பிலோமினா இறந்த செய்தி எனக்கு ஆடுகிற மெழுகுவர்த்திப் படமாக வந்து சேர்ந்தது. காலை ஆறரை மணி. பால் பொங்கிவிடாமல் இருக்க அடுப்பருகே நின்றுகொண்டிருந்தேன். எங்கள் பல் லேபின் வாட்ஸ்அப் குழுவில் முதலாளியின் மகன் அந்தப் படத்தைப் போட்டு, “ஆர்.ஐ.பி. பிலோ ஆன்ட்டி” என்று எழுதியிருந்தான். தூக்கத்திலேயே நெஞ்சுவலி என்று அடுத்த வரி. அதற்குக் கீழே வரிசையாக ஆர்.ஐ.பி., ஆர்.ஐ.பி. என்று ஒரு பத்துப் பேர். ஒருவர் அவசரத்தில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் போட்டுவிட்டார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, இன்னொருவர் அதே குழுவில் ஏதோ ஒரு ஜவுளிக்கடையின் தள்ளுபடி விளம்பரத்தை அனுப்பினார். இருபத்திரண்டு வருடம் எங்களோடு உட்கார்ந்து வேலை செய்தவளுக்கும் பட்டுப்புடவைக்கும் நடுவே ஒரு விரல்கடை இடம்கூட இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து தீய்ந்த பிறகுதான் கேஸை அணைத்தேன்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறார்களாம். முதலாளி போன் செய்து, “நீங்கதான் பக்கத்துலயே இருந்தவங்க, நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க வத்சலா மேடம்” என்றார். நல்லதாக வருமா என்று தெரியவில்லை. அவளைப் பற்றி நல்லதாக எழுத நிறைய இருக்கிறது, அதை மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்கு அவள் பெயரைச் சொன்னால் முதலில் வருவது அருவருப்பு. அவள் மேல் பாதி, என் மேல் பாதி. இப்போது கணக்கெடுத்தால் என் பங்குதான் அதிகம். இதைப் படிக்கப்போகிற நீங்கள் எல்லாரும் அவளைத் தெரிந்தவர்கள், ஆகையால் பூசி மெழுகப் போவதில்லை.

எங்கள் லேபைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கிறது. ஊரில் உள்ள பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து, அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எங்களுக்கு அனுப்புவார்கள். அந்த அச்சை வைத்துப் பல் செட் செய்து கொடுப்பது எங்கள் தொழில். உறையை வாங்கி, டாக்டர் பெயர், நோயாளி பெயர் எழுதிச் சீட்டு ஒட்டுவது என் வேலை. மெழுகில் பல் அடுக்குவது பிலோமினாவின் வேலை. அச்சுகளைக் கழுவித்தான் அனுப்புவார்கள், மருந்துத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் அனுப்புவார்கள் என்றெல்லாம் முதலாளி எனக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆனாலும் யாரோ ஒருவரின் வாயிலிருந்து வந்தது என்பது எனக்கு மறக்காது. பேனா முனையால் தள்ளித் தள்ளித்தான் அந்த உறைகளை மேசையின் அந்தப் பக்கம் சேர்ப்பேன். மயிலாப்பூரில் வாய் பட்டால் எச்சில், சோற்றுப் பருக்கை பட்டால் பத்து என்று தீட்டுப் பார்க்கிற வீட்டில் பிறந்து, அதே மாதிரி இன்னொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் நான். வயிற்றுப்பாட்டுக்காக ஊரார் வாயைப் பெயரெழுதி அடுக்க வேண்டியிருந்தது.

பிலோ அப்படியே எனக்கு நேர்மாறு. சாந்தோமில் சர்ச்சுக்குப் பின்னால் வீடு. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடந்தால் பத்து நிமிடம். அச்சுகளை இட்லித் தட்டு எடுப்பது போல் சாதாரணமாக எடுப்பாள். ஒரு பக்கம் பல் வரிசை, மறு பக்கம் டிபன் டப்பா, நடுவில் அவள். நான் முகத்தைச் சுளித்தால் சிரிப்பாள். “இன்னா வச்சலா, வாய்னு ஒண்ணு இருந்தா ஈரம் இருக்கத்தான் செய்யும். இதுக்குப் போயி மூஞ்சிய இப்பிடி வச்சிக்கினு கீறியே!” வத்சலா என்ற பெயர் அவள் வாயில் கடைசிவரை வச்சலாதான். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

ரொட்டிக் கதை ஒரு பல் செட்டில் ஆரம்பித்தது. புதுச்சேரியில் வெகுகாலம் இருந்துவிட்டு மந்தைவெளிக்கு வந்த ஒரு பெரியவர், செட் சரியாக உட்காரவில்லை என்று டாக்டர் சொல்லி நேரே லேபுக்கே வந்துவிட்டார். பிலோ உரசிச் சரிசெய்து கொடுத்தாள். அவர் உடனே பையிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு ரொட்டியை எடுத்தார். வெளியே விறகு மாதிரி மொறுமொறுப்பு. “இதைக் கடிச்சா பல்லு, இல்லாட்டி வெறும் பிளாஸ்டிக்” என்று சொல்லிவிட்டு என் மேசைக்கு முன்னாலேயே நின்று கடித்தார். பொருக்கெல்லாம் நான் எழுதி வைத்த சீட்டுகளின் மேல் தெறித்தது. பல் நின்றது. அந்தச் சந்தோஷத்தில் ரொட்டியின் மறுமுனையைப் பிலோவிடம் நீட்டினார். அவளும் வாங்கி, அவர் கடித்த ரொட்டியையே தானும் கடித்தாள். வெண்ணெய் வைத்துத் தின்றால் இன்னும் நன்றாக இருக்கும் என்று அவர் சொல்ல, எப்படி வைப்பது என்று இவள் கேட்க, இருவரும் வாயில் ரொட்டியோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்த ரொட்டிப் பைத்தியம் பிடித்தது. ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு பேக்கரியில் கிடைப்பதாகக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்த வருடம் முதலாளி, காணும் பொங்கல் கூட்டமெல்லாம் அடங்கிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிண்டியில் மரத்தடியாகப் பார்த்து எல்லாரும் பிக்னிக் போகலாம் என்றார். சாப்பாட்டைப் பிலோ ஏற்றுக்கொண்டாள். “எல்லாத்துக்கும் பக்கெட் சாண்ட்விச்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் பக்கெட் என்றால் அது குளியலறையில் இருப்பது. வெள்ளரிக்காயையும் ரொட்டியையும் ஒரு பக்கெட்டில் கொட்டிக் கையால் பிசைந்து கொடுக்கப்போகிறாள் என்று நினைத்து, அன்று மத்தியானம் எனக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை. மூன்று நாள் கழித்து, “பக்கெட் புதுசா வாங்குவியா பிலோ?” என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த நீட்டு ரொட்டிக்கே பெயர் பகெட்டாம். பிலோ மெழுகுக் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். ஒரு வாரம் லேபில் யார் பக்கெட் என்று சொன்னாலும் சிரிப்புதான்.

சிரித்து முடித்த பிறகு என் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் ஒன்று சொன்னாள். “வீட்டுக் கத்தியில மீனு, கறி எல்லாம் அரிஞ்சிருக்கும். உனுக்கு ஆவாது. அதுக்குனே புதுக் கத்தி வாங்கிக்கினு வரேன். நீ தகிரியமா சாப்டலாம்.” நான் கேட்காமலே யோசித்திருக்கிறாள். எனக்கு நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது, சரி என்று தலையாட்டினேன்.

கிண்டியில் ஒரு பெரிய மரத்தடியில் ஜமக்காளம் விரித்தோம். எங்களுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டுப் போனவர்கள் எலும்புத் துண்டும் குர்குரே உறையும் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அதை எல்லாம் குச்சியால் தள்ளிவிட்டுத்தான் உட்கார முடிந்தது. பிலோ ரொட்டிகளை வீட்டிலேயே செய்து கட்டிக்கொண்டு வரவில்லை. “அங்கயே பண்ணாத்தான் மொறுமொறுப்பு இருக்கும்” என்று எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்து வந்திருந்தாள். காலையிலிருந்தே வெளியில் வைத்து இளகிய வெண்ணெய். மெல்லிசாக அரிந்து, உப்புப் போட்டு, துணியில் கட்டிப் பிழிந்த வெள்ளரிக்காய். ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு. கொஞ்சம் புதினா. அவ்வளவுதான். சாஸ் கிடையாது, சீஸ் கிடையாது. முதலாளியின் மகன் மயோனைஸ் இல்லையா என்று கேட்டதற்கு, “அந்த வெள்ளப் பசையா? அது பல் செட்டு ஒட்டறதுக்குத்தான் லாயக்கு” என்றாள்.

அவள் கை வேலையைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ரொட்டியை நீளவாட்டில் கீறுவாள், ஆனால் முழுக்கப் பிளக்காமல் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்க விடுவாள். விரித்தால் புத்தகம் மாதிரி திறக்கும். வெண்ணெயை நடுவில் அப்பிவிட்டுப் போகாமல் ஓரம்வரை இழுத்துப் பூசுவாள். “வெண்ண ருசிக்கு மட்டும் இல்ல வச்சலா. இதான் ரொட்டிக்கு ரெயின்கோட்டு. எங்கனா ஒரு எடம் விட்டுப்போச்சுனா வெள்ளரித் தண்ணி உள்ள பூந்துரும், ரொட்டி சொதசொதனு ஆயிரும்.” பல் அடுக்குகிற அதே கவனத்தோடு வெள்ளரிக்காய் வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி உட்காரும்படி அடுக்கினாள். மிளகைத் தூவினாள். மூடி, துணியில் சுற்றி, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினாள். கத்தி புத்தம் புதிது, கைப்பிடியில் விலைச் சீட்டின் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் ரொட்டியை எனக்கென்றே செய்தாள்.

அதைச் செய்யும்போதுதான் பார்த்தேன். கத்தியில் வழிந்த வெண்ணெயைக் கட்டைவிரலால் வழித்தாள். கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பினாள். அதே விரலால், வெளியே பிதுங்கிய ஒரு வெள்ளரி வில்லையை உள்ளே தள்ளினாள். மறுபடி வழித்தாள், சப்பினாள், தள்ளினாள். மூன்று முறை. நான் எண்ணினேன். மீன்பட்ட கத்தியை யோசித்தவளுக்கு இது தோன்றவே இல்லை. அவள் வீட்டில் எச்சில் என்றால் துப்புவது, அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் எச்சில் என்பது விரலில் ஏறும், பாத்திரத்தில் ஏறும், கதவுத் தாழ்ப்பாளில்கூட ஏறும். அவள் விரல் ஈரத்தில் மின்னியது. என் வயிறு புரண்டது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கண்ணை எடுக்க முடியவில்லை.

துணியைப் பிரித்து, குறுக்கே வெட்டி, முதல் துண்டை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். “சாப்டு வச்சலா, மொதப் போணி உனுக்குத்தான்.”

கழுவிவிட்டு இன்னொன்று செய் என்று சொல்லியிருக்கலாம். தினமும் என்னைக் கிண்டல் செய்கிறவள், இன்னொரு தடவை கிண்டல் செய்துவிட்டுக் கழுவியிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. வந்தது இதுதான்: “ஐயோ, மறந்தே போய்ட்டேன் பிலோ. இன்னிக்கு ஏகாதசி.”

“அய்ய, ஏகாதசினா இன்னா? சோறுதானே ஆவாது? இது ரொட்டிதானே!”

“இல்ல, எங்காத்து வழக்கம் வேற. சுத்தப் பட்டினி. பச்சத் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது.”

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு அந்தத் துண்டைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டாள். “மின்னயே சொல்லக் கூடாதா? உனுக்காகத்தானே கத்தி வாங்கனேன்” என்றாள். கோபமில்லை. அதன்பிறகு எல்லாரும் தின்றார்கள், வெயில் ஏறும்வரை தின்றார்கள். எனக்கு எதிரில் உட்கார்ந்து தின்றால் பாவம் என்று மட்டும் சொல்லி, பிலோ தன் துண்டை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். நான் நாக்கு வறண்டு, தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்தபடி மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்று ஏகாதசி இல்லை. அதற்கு அடுத்த வாரமோ என்னவோ, எனக்கே தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் ஏகாதசி இருந்ததே கிடையாது.

அடுத்த நாள் பிலோ ஒரு தினசரி நாட்காட்டி வாங்கிவந்து தன் மேசைக்கு மேலே மாட்டினாள். சிவப்புப் பென்சிலால் ஏகாதசி ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். மாதத்துக்கு இரண்டு. முதல் வட்டம் வந்த அன்று நான் நிம்மதியாக டிபன் டப்பாவைத் திறந்தேன், அவள் ஓடி வந்தாள். “வச்சலா! இன்னிக்கு ஏகாதசி! நல்ல வேள, நான் பாத்தேன்!” டப்பாவை அவளே மூடி, கீழே இருந்த வாட்ச்மேனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். டீ வந்தபோது, “அவங்களுக்கு வேணாம், வெரதம்” என்று டீக்காரரைத் திருப்பி அனுப்பினாள். அதிலிருந்து எனக்கு மாதம் இரண்டு நாள் பட்டினி. முதலில் மாட்டிக்கொண்டேன், பிறகு வெளியே வர வழி தெரியவில்லை. ஏகாதசி பொய் என்றால், ஏன் பொய் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் அந்தக் கட்டைவிரலைச் சொல்ல வேண்டும்.

வீட்டிலும் மானம் போனது. பிலோவுக்குப் பயந்து டப்பா கட்டாமல் கிளம்பியதைப் பார்த்துவிட்டு என் கணவர், “என்னடி இது? உங்காத்துலயும் கெடையாது, எங்காத்துலயும் கெடையாது. திடீர்னு பக்தி பொங்கிண்டு வரது?” என்றார். உடம்புக்கு நல்லது என்று அவரிடம் ஒரு தனிப் பொய். பொய்க்குப் பொய் முட்டுக் கொடுத்துக்கொண்டு போகிற கேவலம் எனக்கு அப்போதுதான் புரிய ஆரம்பித்தது.

பட்டினியைக்கூடத் தாங்கிவிடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் இல்லாமல் முடியாது. இதை எழுதக் கை கூசுகிறது. மத்தியானம் பாத்ரூமுக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கைகழுவும் குழாயில் வாய் வைத்துக் குடித்தேன். வந்த அச்சுகளை அலசுகிற அதே குழாய். துருப்பிடித்த வாய், கீழே பிளாஸ்டர் படிந்த பேசின், ஓரத்தில் பழைய ரப்பர் துண்டு. ஒருத்தியின் கட்டைவிரல் பட்டதென்று ரொட்டியை மறுத்தவள், ஊர் வாயெல்லாம் கழுவுகிற குழாயில் உதட்டை வைத்து உறிஞ்சினேன். வெளியே வரும்போது முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வேன். இரண்டு மூன்று ஏகாதசி இப்படிப் போன பிறகு, ஒரு நாள் உள்ளே போனபோது பேசின் பக்கத்தில் ஒரு பாட்டில் குடிதண்ணீரும், தேய்த்துப் பளபளவென்று கழுவிய ஒரு எவர்சில்வர் டம்ளரும் இருந்தன. அதன்பிறகு எல்லா ஏகாதசியன்றும் இருக்கும், மற்ற நாட்களில் இருக்காது. யார் வைத்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டிவரும். டம்ளரைத் தூக்கிக் குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துவிடுவேன்.

அடுத்த வருடம் பிக்னிக் பேச்சு வந்ததும் பிலோ நாட்காட்டியைப் புரட்டி, “ஏகாதசி இல்லாத ஞாயித்துக்கெழமயா வைங்க சார், வச்சலா சாப்டணும்” என்றாள். எனக்குக் காலில் சுளுக்கு வந்தது. அதற்கடுத்த வருடம் நாத்தனார் வீட்டு விசேஷம் வந்தது. பிறகு கொரோனா வந்து பிக்னிக்கே நின்றுபோயிற்று. நான் ஓய்வு பெற்ற பிறகும் அவள் விடவில்லை. ஏகாதசி விடியற்காலையில் வாட்ஸ்அப்பில் குரல் வந்துவிடும். “வச்சலா, இன்னிக்கு உன் நாளு. காபி கீபி குடிச்சிறாத.” அதில் சிரிப்பு இருந்ததா என்று இப்போது திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் ஒன்றுண்டு. அது சுத்தம் சம்பந்தப்பட்டது, வேறொன்றும் இல்லை என்பது. யார் விரலைச் சப்பினாலும் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்பது. அவள் போன அன்று அடுப்பில் தீய்ந்த பாலைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சமாதானமும் போயிற்று. என் அக்கா பெண் குழம்புக் கரண்டியை நக்கி ருசி பார்த்துவிட்டு மறுபடி குழம்பில் போடுகிறவள். அவளைத் திட்டிக்கொண்டே அதே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறேன், இரண்டாம் முறை கேட்டு வாங்கியும் சாப்பிட்டிருக்கிறேன். அப்படியானால் கிண்டியில் புரண்டது வயிறு மட்டும்தானா? விரலில் இருந்த எச்சிலுக்காகவா, எச்சில் யாருடையது என்பதற்காகவா? பதில் எனக்குத் தெரியும், எழுதத்தான் பிடிக்கவில்லை. என் மேலே எனக்கு வரும் அருவருப்புக்கு முன்னால் அந்த லேபில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஏழாம் நாள் ஜெபத்துக்கு சாந்தோம் போனேன். தெருவை அடைத்து ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள். சாப்பிடாமல் வரக்கூடாது என்று வீட்டிலேயே தீர்மானம் செய்துகொண்டுதான் கிளம்பினேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் வீட்டில் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பிரியாணி. சைவத்துக்கு கேட்டரிங்கிலிருந்து வந்த பிளாஸ்டிக் டப்பா, உள்ளே முக்கோணமாக வெட்டிய இரண்டு சாண்ட்விச். மூடி வழியாகவே தெரிந்தது, மயோனைஸ். பிலோவின் மகள் ஜெனி ஒவ்வொருவருக்காகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். எனக்கு இடதுபக்கத்து அம்மாவுக்குக் கொடுத்தாள். என்னை விட்டுவிட்டு வலதுபக்கத்துக்காரருக்குக் கொடுத்தாள். அப்படியே நகர்ந்துவிட்டாள்.

எழுந்து அவள் பின்னாலேயே போனேன். “ஜெனி, எனக்கு?”

“ஆன்ட்டி, இன்னிக்கு ஏகாதசி” என்றாள்.

எனக்கு ஞாபகமே இல்லை. ஞாபகப்படுத்துகிறவள்தான் போய்விட்டாளே. சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், முதலாளி இருந்தார், லேபில் பாதிப் பேர் இருந்தார்கள். இருந்தும் சொன்னேன். “எனக்கு ஏகாதசி எல்லாம் கெடையாது ஜெனி. உங்கம்மாகிட்ட அன்னிக்கு நான் பொய் சொன்னேன். அன்னிக்கு ஏகாதசியே இல்ல.”

“தெரியும் ஆன்ட்டி” என்றாள் அந்தப் பெண். “கிண்டியிலருந்து வந்தவுடனே அம்மா பக்கத்து வூட்டு காலண்டர்ல பாத்துட்டாங்க. ஏன் பொய் சொன்னீங்கனுதான் புரியல. கத்தியில மீன் வாட அடிக்குதானு அந்தப் புதுக் கத்திய மோந்து மோந்து பாத்துக்கினே இருந்தாங்க. என் மூக்குலயும் நீட்டினாங்க. ஒண்ணும் அடிக்கலயே மம்மி, புதுக் கத்திதானேனு சொன்னேன். அப்பறம் சிரிச்சிட்டாங்க. அவளே ஒரு நாளு பசிச்சிக் கேப்பா, அதுவரிக்கும் கெடக்கட்டும்னாங்க. நீங்களா கேட்டாத்தான் குடுக்கணும்னு எங்கிட்டயும் சொல்லி வச்சிருக்காங்க.”

“இப்ப கேக்கறேன். குடு” என்றேன்.

ஜெனி ஒரு டப்பாவைக் கொடுத்தாள். அங்கேயே நின்று திறந்தேன். ரொட்டி ஓரமெல்லாம் சொதசொதவென்று ஊறி, விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெண்ணெய் ஒரு பொட்டுக்கூட இல்லை. உள்ளே அந்த வெள்ளைப் பசை, வெயிலில் நின்று ஒரு புளித்த வாடை. வெள்ளரிக்காய் தோலோடு, தடித் தடியாக. ஒருத்தி வெண்ணெயை ஓரம்வரை இழுத்து, வில்லை வில்லையாக அடுக்கி, இரண்டு கையாலும் நீட்டியதை வேண்டாம் என்றவள், யாரோ முகம் தெரியாத ஒருவன் பிதுக்கி அடைத்த இந்தக் கண்ணராவியை அவள் வாசலில் நின்று தின்றேன். குமட்டியது. கண்ணில் நீர் வந்தது. அழுகையா குமட்டலா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டையும் தின்று முடித்து, விரலில் ஒட்டியதைச் சப்பிவிட்டு டப்பாவைக் குப்பையில் போட்டேன். தண்ணீர் குடித்தேன்.

ஏகாதசியை இனி விட்டுவிடுவேன் என்று என் கணவர் நினைக்கிறார். விடப்போவதில்லை. பெருமாளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது பிலோமினா எனக்கு விதித்தது. ஆனால் அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது எது என்று கேட்டால், அது பட்டினியும் இல்லை, நான் வாங்காமல் விட்ட அந்தத் துண்டு. இதைப் படிக்கிற உங்களில் ஆறு பேர் அன்று கிண்டியில் அந்த ரொட்டியைச் சாப்பிட்டீர்கள். எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். தயவுசெய்து என்னிடம் மட்டும் ஒருவரும் சொல்லிவிடாதீர்கள். எனக்கென்று செய்த முதல் துண்டை அவள் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதன் ருசி எனக்குத் தெரியாது, கடைசிவரை தெரியாமலே இருக்கட்டும்.